செய்யறிவு ஆசானும் தமிழ் மாணவரும்

(மதுரையை அடுத்த பரவையில், கல்லூரி மாணவரும் தமிழன்பரும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

   

பரவை என்னும் சொல்லுக்குத் தமிழில் பரந்த நீர்ப்பரப்பு என்று பொருள். கடல் என்றும் பொருள். வையைக்கு வடபால் அமைந்த இவ்வூரில் நின்றுகொண்டு, இன்று நம் இளைஞர்களின் வாயில்வரை வந்து அலைமோதிக் கொண்டிருக்கும் ஒரு புதிய கடலைப் பற்றிப் பேச வந்துள்ளேன். செயற்கை நுண்ணறிவு என்று இதழ்கள் எழுதுகின்றனவே, அதனைத்தான் சொல்கின்றேன். நாம் அதனைச் செய்யறிவு என்போம். இயற்கையாய் அமைந்த அறிவன்று, செய்யப்பட்ட அறிவு. சொல் சுருக்கமாயும் பொருள் தெளிவாயும் இருக்கின்றது.

இந்தச் செய்யறிவு இன்று கல்லூரி மாணவர்க்கு ஆசானாகவும் வந்துவிட்டது. கணக்குச் சொல்லித் தருகின்றது, நிரலெழுதக் கற்பிக்கின்றது, நேர்காணலுக்கு ஒத்திகை நடத்துகின்றது. மாணவர்க்கு வேலைத்திறன் ஊட்டும் பொறுப்பை இதனிடம் ஒப்படைத்துவிடலாம் என்று அரசும் நிறுவனங்களும் எண்ணத் தொடங்கியுள்ளன. நாம் கேட்க வேண்டிய வினாக்கள் மூன்று. இவ்வாசான் மெய்யாகவே கற்பிக்கின்றதா? கற்பிக்குமாயின் எம்மொழியில் கற்பிக்கின்றது? அதனால் தமிழ்ப் பிள்ளை உயர்வானா, ஒதுக்கப்படுவானா? இம்மூன்றையும் ஒவ்வொன்றாய் எடுத்துக்கொள்வோம்.

பொறி ஆசான் வந்த வழி

பொறியைக் கொண்டு கற்பிக்கும் முயற்சி இன்று நேற்றுத் தொடங்கியதன்று. 1960ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் இல்லினாய்சுப் பல்கலைக்கழகத்தில் ‘பிளேட்டோ’ என்னும் பெயரில் கணினிவழிக் கற்பித்தல் முறை ஒன்றை அமைத்தனர். 1984இல் பெஞ்சமின் புளூம் என்னும் கல்வியறிஞர் ஓர் ஆய்வுரை வெளியிட்டார். ஒரு மாணவனுக்கு ஓர் ஆசிரியர் என்ற முறையில் கற்பித்தால், அவ்வாறு கற்ற இடைநிலை மாணவன்கூட, வகுப்பறையில் கூட்டமாய்க் கற்ற மாணவருள் நூற்றுக்குத் தொண்ணூற்றெண்மரை விஞ்சுகின்றான் என்று அவர் காட்டினார். அத்துணைப் பெரிய முன்னேற்றம் பின்வந்த ஆய்வுகளிற் காணப்படவில்லை. ஆயினும் தனித்துக் கற்பித்தல் பயனுடையது என்னும் உண்மை மாறவில்லை. ஆளுக்கோர் ஆசிரியரை அமர்த்த எந்த நாட்டிற்கும் பொருள்வலிமை இல்லை. எனவே, அவ்விடத்தை ஒரு பொறி நிரப்பாதா என்ற ஏக்கம் கல்வியாளரிடம் வளர்ந்துவந்தது.

2016இல் சார்சியாத் தொழில்நுட்பக் கல்விநிறுவனத்தில் அசோக் கோயல் என்னும் பேராசிரியர், ‘சில் வாட்சன்’ என்று பெயரிட்ட ஒரு பொறித்துணையாளரைத் தம் இணையவழி வகுப்பில் மாணவரின் ஐயங்களுக்கு விடை சொல்ல வைத்தார். தமக்கு விடையளித்த அவ்வாசிரியத் துணை ஒரு கணினி நிரல் என்பதை மாணவர் பருவத்தின் இறுதியில் அவர் சொன்ன பின்னரே அறிந்தனர். 2022 நவம்பர்த் திங்களில் ‘சாட்சிபிடி’ வெளிவந்தது. அதன்பின், பல்கலைக்கழகச் சுவர்களுக்குள் ஆய்வாய் இருந்தது, தெருவில் நடந்து செல்லும் மாணவனின் கைப்பேசிக்குள் வந்து அமர்ந்துகொண்டது.

இதனால் விளையும் நன்மை

நன்மையை மறைத்துப் பேசுவது நம் இயல்பன்று. நம் பிள்ளைகளுள் பலர், வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள். தந்தை உழவர்; தாய் களையெடுப்பவர்; அல்லது சந்தையில் மூட்டை தூக்குபவர். ஐயம் எழுந்தால் வீட்டிற் கேட்க ஆளில்லை. வகுப்பிலோ அறுபது பேர். எழுந்து கேட்டால், “இதுகூடத் தெரியாதா?” என்று பக்கத்திலிருப்பவன் நகைப்பானோ என்னும் அச்சம். அந்த அச்சத்தாலேயே ஐயம் ஐயமாகவே நின்று, ஐயம் அறியாமையாகி, அறியாமை தோல்வியாகி, தோல்வி படிப்பை விடுவதில் முடிகின்றது. நாம் கண்ணாரக் காணும் கதையிது.

பொறி ஆசான் நகைப்பதில்லை, சலிப்பதில்லை, சினப்பதில்லை. ஒரே வினாவைப் பத்து முறை கேட்டாலும் பதினோராம் முறையும் விடை சொல்லும். நள்ளிரவிலும் சொல்லும். “எளிதாய்ச் சொல்” என்றால் எளிதாய்ச் சொல்லும். “ஓர் எடுத்துக்காட்டுத் தா” என்றால் தரும். தனிப்பயிற்சிக்குப் பணங்கட்ட இயலாத ஏழை மாணவனுக்கு இஃது எவ்வளவு பெரிய வாய்ப்பு! பணக்காரப் பிள்ளைக்குப் பத்து ஆசிரியர் உண்டு. ஏழைப் பிள்ளைக்கு இப்பொழுதுதான் ஒன்று வாய்த்திருக்கின்றது. ஆதலால், “பொறி வேண்டா, அதனைத் தொடாதே” என்று நான் சொல்லமாட்டேன். அவ்வாறு சொல்வோர் ஏழைக்குக் கிடைத்த ஏணியைத் தட்டிவிடுகின்றனர்.

2024இல் நைசீரியா நாட்டின் பெனின் மாநகரில் உலகவங்கியின் துணையோடு ஒரு முயற்சி நடந்தது. பள்ளி முடிந்தபின், ஆறு கிழமைகள், மாணவர் இருவர் இருவராய்க் கணினிமுன் அமர்ந்து செய்யறிவுத் துணையோடு பயின்றனர். ஆசிரியர் உடனிருந்து வழிகாட்டினார். அதிற் பங்கேற்றோர், பங்கேலாதவரைக் காட்டிலும் தெளிவான முன்னேற்றம் பெற்றனர். இதிற் கருதத்தக்க செய்தி இரண்டு: ஆசிரியர் உடனிருந்தார், மாணவர் தனித்தன்றிச் சேர்ந்து பயின்றனர். இவ்விரண்டையும் நினைவிற் கொள்ளுங்கள், பின்னர்ப் பயன்படும்.

இதனால் விளையும் கேடு

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். துருக்கி நாட்டில் ஏறத்தாழ ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவரை வைத்து நடந்த கணக்குப் பாட ஆய்வு ஒன்று 2024இல் வெளிவந்தது. மாணவரை மூன்று பிரிவாக்கினர். ஒரு பிரிவினர்க்கு நூலும் குறிப்பும் மட்டும். இரண்டாம் பிரிவினர்க்கு, கேட்டவுடன் விடை தரும் செய்யறிவு. மூன்றாம் பிரிவினர்க்கு, விடையைத் தராமல் வழியை மட்டும் சுட்டும்படி ஆசிரியர்கள் திருத்தி அமைத்த செய்யறிவு.

பயிற்சி நேரத்தில் இரண்டாம் பிரிவினர் 48 விழுக்காடு மிகுதியாகச் செய்தனர். மூன்றாம் பிரிவினர் 127 விழுக்காடு மிகுதியாகச் செய்தனர். பொறியை வாங்கி வைத்துவிட்டுத் தேர்வு நடத்தினார்கள். என்னாயிற்று தெரியுமா? கேட்டவுடன் விடை பெற்ற இரண்டாம் பிரிவினர், பொறியையே தொடாதவரைக் காட்டிலும் 17 விழுக்காடு குறைவாக மதிப்பெண் பெற்றனர்! வழிசுட்டும் பொறியோடு பயின்றவர்க்கு அந்த வீழ்ச்சி பெரும்பாலும் நேரவில்லை. ஆனால், பொறியில்லாதவரைவிட அவர்கள் உயர்ந்துவிடவும் இல்லை.

இதன் பொருள் என்ன? ஊன்றுகோலைக் கொடுத்து நடக்கச் சொன்னோம், கோலோடு ஓடினான், கோலைப் பிடுங்கியதும் விழுந்தான். அவன் கால் வலிமை பெறவில்லை, கோல்தான் நடந்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்குதவாது என்பர் நம் முன்னோர். இன்று பொறிச் சுரைக்காய் வந்துள்ளது. அதுவும் கறிக்குதவாது. வேலைத்திறன் என்பது பயிற்சித்தாளில் வந்த விடையன்று. பொறி கையில் இல்லாத பொழுதும், பொறி தவறாகச் சொல்லும் பொழுதும், தன் மூளையால் நின்று நிலைக்கும் ஆற்றல் ஆகும்.

பொறி தவறு சொல்லுமா என்று கேட்பீர்கள். சொல்லும், தயங்காமற் சொல்லும். கழகநூற் பாடல் ஒன்றைக் கேட்டால், இல்லாத பாடலைப் புனைந்து, இல்லாத புலவர் பெயரையும் சேர்த்துத் தந்துவிடும் இயல்புடையது அது. சொற்களை ஒன்றன்பின் ஒன்றாக எது வரக்கூடும் என்று கணித்துக் கோப்பது அதன் செயல்முறை. மெய்யா பொய்யா என்று உரைத்துப் பார்க்கும் உரைகல் அதனிடம் இயல்பாய் அமைந்திருக்கவில்லை. பாடம் அறிந்தவன் பொய்யைக் கண்டுபிடிப்பான். அறியாதவன் பொய்யைப் பாடமாக்குவான்.

எம்மொழியிற் கற்பிக்கின்றது?

இப்பொழுது தலையாய வினாவிற்கு வருகின்றேன். இப்பொறி எம்மொழியில் வல்லது? ஆங்கிலத்தில் வல்லது. தமிழில்? பேசும், எழுதும், ஆயினும் ஆங்கிலத்திற் பேசும் தெளிவோடு பேசுவதில்லை. இதன் கரணியத்தை நாம் அறிந்துகொள்ள வேண்டும். அறியாமல் நெஞ்சம் புழுங்குவதிற் பயனில்லை.

முதற் கரணியம், உணவு. மக்கள் எழுதிவைத்த எழுத்தே இப்பொறியின் உணவு. ஆங்கில விக்கிப்பீடியாவில் 70 இலக்கம் கட்டுரைகள் உள்ளன. தமிழ் விக்கிப்பீடியாவில் இருப்பவை ஒன்றரை இலக்கத்திற்கு மேல். அதுவும் ஊதியம் வாங்காமல், உறக்கம் விட்டு எழுதிய தமிழன்பர்களின் கொடை. அவர்களை நாம் வணங்க வேண்டும். தமிழில் பொறியியலும் மருத்துவமும் வணிகவியலும் எழுதப்படாதிருந்தால், பொறி அவற்றைத் தமிழில் எங்கிருந்து கற்கும்? நாம் எழுதாததை அது படிக்காது.

இரண்டாம் கரணியம், எழுத்தை அளக்கும் அளவுகோல். கணினியின் நினைவில் ஒருங்குறி முறைப்படி எழுத்தைச் சேமிக்கும்பொழுது, ஓர் ஆங்கில எழுத்திற்கு ஓர் இடம் போதும். பைட்டு என்று கணினித்துறையினர் வழங்கும் அவ்விடத்தை, எட்டு நுண்குறிகளின் கட்டு ஆதலால், எண்கட்டு என்று நாம் சொல்லலாம். ஒரு தமிழ்க் குறிக்கோ மூன்று எண்கட்டுகள் வேண்டும். தமிழ் என்னும் சொல்லை எடுங்கள். நம் கண்ணுக்கு மூன்றெழுத்து. கணினிக்கோ தகரம், மகரம், இகரக்குறி, ழகரம், புள்ளி என ஐந்து குறிகள்; பதினைந்து எண்கட்டுகள். அதே பெயரை ஆங்கில எழுத்தில் எழுதினால் ஐந்தே எண்கட்டுகளில் அடங்கிவிடும்.

இதன்மேல், செய்யறிவுப் பொறி எழுத்தைச் சொற்றுண்டுகளாக வெட்டித்தான் படிக்கின்றது. துண்டுக்குத் துண்டு கணக்கிட்டுக் கட்டணம் பெறுவது அந்நிறுவனங்களின் வழக்கம். 2024 மேத்திங்களில் ஓப்பன் ஏஐ நிறுவனம், தான் புதிதாய்த் திருத்திய துண்டுமுறையைப் பற்றி ஓர் ஒப்பீட்டை வெளியிட்டது. ஒரு சிறு வணக்கவுரை. ஆங்கிலத்தில் முன்பு 27 துண்டு, திருத்தியபின் 24. அதே உரை தமிழில் முன்பு 116 துண்டு, திருத்தியபின் 35. அஃதாவது, 2024வரை ஒரே செய்தியைத் தமிழிற் கேட்ட மாணவன், ஆங்கிலத்திற் கேட்டவனைவிட நான்கு மடங்கு சுமையைச் சுமந்தான்! திருத்திய பின்னும் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு சுமை எஞ்சுகின்றது.

இதில் நாம் கற்க வேண்டியது ஒன்றுண்டு. 116 என்பது 35 ஆனது எவ்வாறு? தமிழ் மாறியதா? தமிழெழுத்துக் குறைந்ததா? இல்லை. அமைத்தவர் மனம்வைத்தனர், குறைந்தது. “தமிழ் கணினிக்கு ஒவ்வாத மொழி, எழுத்து மிகுதி, சீர்திருத்த வேண்டும்” என்றெல்லாம் நம்மவருள்ளேயே சிலர் புலம்பினரே, அவர்கட்கு இவ்வெண்களே விடை. குறை மொழியில் இல்லை. மொழியைக் கருதாமற் செய்த கருவியில் இருந்தது. கருவியைத் திருத்த இயலும் என்பதும் மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது.

வேலைத்திறன் என்றால் ஆங்கிலமா?

தமிழ்நாட்டரசு 2022 மார்ச்சு முதல்நாள் ‘நான் முதல்வன்’ திட்டத்தைத் தொடங்கியது. ஆண்டுக்குப் பத்து இலக்கம் இளைஞர்க்குத் திறன் ஊட்டுவது அதன் குறிக்கோள். திறன் பாடங்களைக் கல்லூரிப் பாடத்திட்டத்திற்குள்ளேயே கொண்டுவந்தது. 2025 மார்ச்சுத் திங்களில் வைத்த வரவுசெலவுத் திட்டத்தில், இரண்டாண்டுகளில் 20 இலக்கம் கல்லூரி மாணவர்க்கு மடிக்கணினியோ கைக்கணினியோ வழங்குவதாகவும் அறிவித்தது. நோக்கத்தை நாம் வரவேற்கின்றோம். கருவி கைக்கு வந்தால், அதற்குள் செய்யறிவு ஆசானும் தானே வந்து அமர்வான். அவன் தமிழாசானா, ஆங்கில ஆசானா என்பதுதான் நம் கேள்வி.

திறன் என்ற சொல்லைக் கேட்டவுடனே நம் கல்லூரிகளில் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி என்றே பொருள் கொள்ளுகின்றனர். ஒரு பிள்ளை கணக்கில் வல்லவன். பொறியைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவன். ஆங்கிலம் தட்டுத் தடுமாறிப் பேசுகின்றான். அவனுக்குத் திறனில்லை என்று முத்திரை குத்தி அனுப்புகின்றனர். இன்னொருவன் வேலை ஒன்றும் அறியான். ஆங்கிலம் சரளமாய் வருகின்றது. அவன் திறனாளன்! மொழியைத் திறன் என்றும், திறனை மொழி என்றும் மயங்கிய இம்மயக்கம் நம் இளைஞரைக் கொல்லுகின்றது.

வரலாற்றைப் பாருங்கள். 1847இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் கிரீன் என்னும் அமெரிக்க மருத்துவர், மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். தொடக்கத்தில் ஆங்கிலத்தில் கற்பித்தார். ஆங்கிலத்திற் பயின்றவர் சம்பளம் தேடி ஊரைவிட்டு அகல்வதைக் கண்டார். தமிழிற் பயின்றவனே தமிழூரில் தங்கித் தொண்டு செய்வான் என்று தெளிந்தார். தாமே தமிழ் கற்று, மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, கலைச்சொற்களை ஆக்கி, தமிழிலேயே மருத்துவர்களைப் பயிற்றினார். நூற்றைம்பது ஆண்டுகட்கு முன்னர், மின்விளக்கில்லாத நாளில், அயல்நாட்டான் ஒருவனால் இயன்றது! உடற்கூறும் அறுவையும் தமிழிற் கற்ற கைகள் நோயாளியைப் பிழைக்க வைத்தன. இதனினும் பெரிய வேலைத்திறன் எது?

நம் நாட்டிலும் சான்றுண்டு. 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழில் கற்பிக்கத் தொடங்கியது. அதே ஆண்டில், தமிழ்வழிப் பயின்றோர்க்கு அரசுப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டமும் வந்தது. வழி திறந்தது. ஆனால், தமிழிற் பயின்ற பொறியாளனுக்கு வேண்டிய நூல்கள், ஐயந்தீர்க்கும் துணைகள், பயிற்சிக் கருவிகள் ஆகியவற்றைப் போதிய அளவு ஆக்கித் தந்தோமா? தரவில்லை. 2023இல் சில உறுப்புக் கல்லூரிகளில் தமிழ்வழிப் பிரிவுகளை நிறுத்துவதாக அறிவிப்பே வந்தது. எதிர்ப்பெழுந்தபின் திரும்பப் பெற்றனர். வேருக்கு நீர் ஊற்றாமல், மரம் காய்க்கவில்லை என்று கோடரி எடுத்த கதை இது.

“வேலை கொடுப்பவன் ஆங்கிலம் கேட்கின்றானே, என் செய்வது?” என்று ஒரு மாணவர் உள்ளத்தில் எண்ணுவது எனக்குத் தெரிகின்றது. அது பொய்யான கேள்வியன்று; பசியிலிருந்து பிறந்த கேள்வி. இலந்தைக்குளத்திலும் வடபழஞ்சியிலும் அமைந்த தகவல்தொழில்நுட்ப வளாகங்களில் வேலை பெற ஆங்கிலம் வேண்டியிருக்கலாம். வேண்டுமாயின் ஆங்கிலத்தை ஒரு மொழியாய்க் கற்றுக்கொள்க. யாரும் தடுக்கவில்லை. 1968இல் தமிழகம் ஏற்ற இருமொழிக் கொள்கையும் அதற்கு இடந்தந்தே நிற்கின்றது. ஆனால், மின்னோட்டம் எவ்வாறு பாய்கின்றது என்பதையும், கணக்கேட்டில் வரவு எது செலவு எது என்பதையும், நிரல் எவ்விடத்திற் பிழைபட்டது என்பதையும் அயல்மொழித் திரைக்குப் பின்னின்று ஏன் கற்க வேண்டும்? பொருளைத் தாய்மொழியிற் கற்று, மொழியை மொழியாய்க் கற்றால் இரண்டும் நிலைக்கும். இரண்டையும் குழப்பினால் இரண்டும் கெடும். இவ்விரண்டையும் பிரித்துக் கற்பிக்கச் செய்யறிவு ஆசான் மிக வாய்ப்பான கருவி. பாடத்தைத் தமிழில் விளக்கு என்று பணிக்கலாம்; பின்னர், அதே பாடத்தை நேர்காணலில் ஆங்கிலத்தில் எவ்வாறு சொல்வது என்றும் கேட்கலாம். இந்த வாய்ப்பு நம் தந்தையர்க்கு இல்லை, உங்கட்கு உண்டு.

அரசு செய்ய வேண்டுவன

முதலாவது: மக்கள் வரிப்பணத்தில் வாங்கும் எந்தக் கற்பிக்கும் கருவியும் தமிழில் எவ்வளவு தெளிவாய்க் கற்பிக்கின்றது என்பதைத் தமிழாசிரியரும் அத்துறை வல்லுநரும் ஆய்ந்து சான்றளித்த பின்னரே வாங்கப்படல் வேண்டும். ஆங்கிலத்தில் நன்றாயிருக்கின்றது என்பது நமக்குச் சான்றாகாது.

இரண்டாவது: தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனமும் அதற்கு முன்னிருந்த வெளியீட்டுக் கழகமும் கல்லூரிப் பாடங்களைத் தமிழில் நூற்றுக்கணக்கான நூல்களாக வெளியிட்டிருக்கின்றன. செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் பேரகரமுதலி நிறைவுற்றிருக்கின்றது. கலைச்சொற்கள் திரட்டப்பட்டுள்ளன. இவற்றைப் பிழைநீக்கி, எல்லாரும் பயன்கொள்ளும்வண்ணம் திறந்த தரவாக வெளியிட வேண்டும். பொறிக்கு நல்லுணவு இட்டாலன்றி அது நற்றமிழ் பேசாது. கலப்புத் தமிழையே உண்டால் கலப்புத் தமிழையே உமிழும்.

மூன்றாவது: நடுவணரசு 2024 மார்ச்சில் செய்யறிவுக்கென 10,300 கோடி உருபாவிற்கு மேல் ஒதுக்க இசைந்தது. அதில் தமிழுக்குரிய பங்கு யாது, அது யார் கையில், எப்பணிக்கு என்று கேட்டுப் பெறுதல் மாநில அரசின் கடமை. நாம் கொடுக்கும் வரியில் நம் மொழிக்கு உரிமை உண்டு, அஃது இரவலன்று.

நான்காவது: பொறி வந்துவிட்டது என்று கூறி ஆசிரியப் பணியிடங்களைச் சுருக்கலாகாது. ஏற்கனவே அரசுக் கல்லூரிகளில் ஆயிரக்கணக்கான விரிவுரையாளர் நிலையான பணியின்றி மதிப்பூதியத்தில் உழல்கின்றனர். பெனின் மாநகரில் பயன் விளைந்ததற்கு ஆசிரியர் உடனிருந்தது தலையாய கரணியங்களுள் ஒன்று என்பதை மறக்கலாகாது. பொறி ஆசிரியரின் கையாள். ஆசிரியர் பொறியின் கையாளர் அல்லர்.

மாணவர் செய்ய வேண்டுவன

அரசு செய்யும்வரை காத்திராதீர்கள். உங்கள் கையில் உள்ளவை ஐந்து.

ஒன்று: முதலில் நீங்களே முயலுங்கள். கணக்கானால் தாளிற் போடுங்கள். நிரலானால் எழுதிப் பாருங்கள். இருபது மணித்துளி முட்டி மோதியபின் பொறியிடம் செல்லுங்கள். சென்றாலும், “விடை சொல்லாதே, நான் எவ்விடத்திற் பிழைத்தேன் என்று மட்டும் சுட்டு” என்று கட்டளையிடுங்கள். துருக்கி மாணவரின் வீழ்ச்சிக்கு மருந்து இதுவே.

இரண்டு: தமிழிற் கேளுங்கள். நல்ல தமிழிற் கேளுங்கள். பொறி கலப்புத் தமிழில் விடை தந்தால், “நற்றமிழில் சொல்” என்று திருப்பிக் கேளுங்கள். அச்சொல்லுக்குத் தமிழ்ச்சொல் யாது என்று கேட்டு, அது தரும் சொல்லை அகரமுதலியில் ஒத்துப் பார்த்து, ஏட்டிற் குறித்து வையுங்கள். ஒரு பருவத்தில் இருநூறு கலைச்சொற்கள் உங்களுடையன ஆகும்.

மூன்று: அதனை வினவ வையுங்கள். “நீ நேர்காணல் நடத்தும் அலுவலர், என்னை ஒவ்வொரு வினாவாகக் கேள், என் விடையின் குறையைச் சொல்” என்று பணியுங்கள். அவையஞ்சும் பிள்ளைக்கு இதனினும் நல்ல பயிற்சிக்களம் இல்லை. பொறியின்முன் பத்து முறை தடுமாறியவன், ஆளின்முன் ஒரு முறையேனும் தடுமாறாமற் பேசுவான்.

நான்கு: அது சொன்னதை நம்பிவிடாதீர்கள். நூலோடும் ஆசிரியரோடும் ஒத்துப் பாருங்கள். பொறியின் பிழையைக் கண்டுபிடிக்கும் திறனே இனி வேலைத்திறன்களுள் தலையானது. விடை சொல்லும் வேலையைப் பொறி செய்யும். விடை சரிதானா என்று தீர்ப்பளிக்க ஆள் வேண்டும். அந்த ஆளாக நீங்கள் இருத்தல் வேண்டும்.

ஐந்து: கற்றதை ஊரில் இறக்குங்கள். இதோ, இப்பரவையிலேயே பெரிய காய்கறிச் சந்தை இருக்கின்றது. வண்டி வண்டியாய்த் தக்காளியும் வெங்காயமும் வந்திறங்குகின்றன. வரவென்ன, எடையென்ன, அழுகிக் கழிந்ததென்ன, நேற்றைய விலையென்ன, இன்றைய விலையென்ன என்பவற்றைத் தமிழிற் பதிந்து, மாலையிற் கணக்குக் காட்டும் ஒரு சிறு நிரலைக் கணினி மாணவர் இருவர் ஆக்கட்டும். அக்கணக்கு முறையாக உள்ளதா என்று வணிகவியல் மாணவி ஒருவர் பார்க்கட்டும். பொறி ஆசான் ஐயந்தீர்க்கட்டும். கடைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். அவர் குறை சொல்வார், திருத்துங்கள். அந்தத் திருத்தத்திற் பிறப்பதுதான் திறன். சான்றிதழ் பத்து வைத்திருப்பவனைவிட, “என் நிரலைப் பரவைச் சந்தையில் ஒரு கடையில் கையாளுகின்றனர்” என்று சொல்லக்கூடியவனை எந்நிறுவனமும் மதிக்கும்.

நிறைவாக ஒன்று. இந்த மதுரைக்கும் தமிழ்ச்சொல்லுக்கும் உள்ள உறவு ஆழமானது. கீழடியிற் கிடைத்த பானையோடுகளில் இயல்பான மக்கள் தம் பெயர்களைத் தமிழெழுத்திற் பொறித்திருக்கின்றனர். எழுத்து அன்று அரண்மனைச் சொத்தாக இல்லை; பானை வைத்திருந்தவர் எல்லாருக்கும் உரியதாக இருந்தது. 1974இல் செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தின் பொறுப்பை ஏற்ற மொழிஞாயிறு பாவாணர், 1981 சனவரியில் இதே மதுரையில் நடந்த உலகத்தமிழ் மாநாட்டில் உரையாற்றி, நெஞ்சுநோயுற்று, இம்மண்ணிலேயே உயிர்நீத்தார். அவரிடம் கணினியில்லை, பொருளில்லை, ஆட்சியில்லை. சொல் சொல்லாய்த் தோண்டி, வேர் வேராய்க் கண்டு, ஒற்றையாளாய்க் குவித்து வைத்தார். அவர் தொடங்கிய அகரமுதலி, அவர் மறைந்து முப்பதாண்டுகட்குப் பின்னர் நிறைவெய்தியது. அந்தச் சொற்களஞ்சியத்தைப் பொறிக்குள் ஏற்றுவது நம் தலைமுறையின் வேலை.

பொறிக்கு மொழிப்பற்றில்லை, மொழிப்பகையும் இல்லை. எம்மொழியார் மிகுதியாக எழுதுகின்றனரோ, கேட்கின்றனரோ, திருத்துகின்றனரோ, அம்மொழியில் அது வல்லதாகும். நாம் ஆங்கிலத்திலேயே கேட்டால் நாம் விடும் இடத்தில் தமிழ் தேயும். நாம் தமிழிற் கேட்டால், தமிழில் எழுதினால், தமிழில் வேலை செய்து காட்டினால், அதுவும் தமிழ் கற்கும். கடல் பக்கத்திலிருப்பதால் மட்டும் மீன் கரையேறி வராது. வலை பின்ன வேண்டும். அலையில் இறங்க வேண்டும். வலை தமிழ்வலையாக இருக்கட்டும். இறங்கும் கால்கள் உங்கள் கால்களாக இருக்கட்டும்.

இன்றிரவு வீடு சென்றதும், உங்களுக்கு நெடுநாளாய் விளங்காதிருக்கும் பாடம் ஒன்றை எடுத்து, நல்ல தமிழில் ஒரு வினாவாக எழுதிக் கேளுங்கள். விடையை நாளைக் காலை உங்கள் ஆசிரியரிடம் காட்டி உரைத்துப் பாருங்கள். அங்கிருந்து தொடங்குங்கள்.

வாழ்க தமிழ்! வளர்க தமிழ் மாணவர் ஆற்றல்!